பழைய நினைவுக் குயில்ட் போர்வைகளின் கண்காட்சியில் நெசவு ஊர்க்காரர்கள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அரசரின் விழா, போர், கப்பல் பயணம் என ஏதேனும் ஒன்றின் நினைவாக, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த குயில்ட் எனும் பழைய ஒட்டுப் போர்வைகளைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவள் என்ற முறையில், கட்டாயம் பார்க்கலாம் என்பேன். ஆனால் போர்வையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதைத் தைத்த கைகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

மகள் லண்டனில் வேலை பார்த்த காலத்தில், 2010ஆம் ஆண்டு, அங்குள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் முந்நூறு ஆண்டுக் குயில்ட்டுகளை ஒன்றாக வைத்திருந்தார்கள். அவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து இரவலாக வந்திருந்த ‘ராஜா’ போர்வை. ராஜா என்பது கப்பலின் பெயர். 1841 ஏப்ரலில் இங்கிலாந்தின் உல்விச்சிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவிலுள்ள ஹோபார்ட்டுக்கு நாடுகடத்தப்பட்ட பெண் கைதிகள், சிறைக் கைதிகளின் நலனுக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரையின் மகளிர் குழு கொடுத்த ஊசி, நூல், துண்டுத் துணிகளைக் கொண்டு, ஜூலையில் கரை சேர்வதற்குள் 2,815 துண்டுகளை இணைத்து இதை முடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மூன்று மீட்டருக்கும் மேல். உள்ளே பஞ்சு வைக்கவில்லை.

கீழ்ப்பகுதியில், தங்களைக் கவனித்துக்கொண்ட சீமாட்டிகளுக்கு நன்றி, உழைப்பாக இருக்கச் சொன்ன அறிவுரையை மறக்கவில்லை என்ற பொருளில் நூலால் எழுதியிருக்கிறது. நம் கல்வெட்டுகளின் மெய்க்கீர்த்தியைப் போல, கேட்பவர் விரும்பும் வாசகம் அது. தைத்த ஒரு பெண்ணின் பெயரும் அதில் இல்லை. தையலோ வேறு கதை சொல்கிறது. ஓரிடத்தில் நுணுக்கமாகவும் நெருக்கமாகவும், பக்கத்திலேயே கோணலாகவும் போகும் தையலைப் பார்த்தால், தேர்ந்தவளும் அப்போதுதான் ஊசி பிடித்தவளும் அருகருகே உட்கார்ந்திருந்தது புரிந்துவிடும். எனக்கு வாசகத்தைவிட அந்தக் கோணல் தையலில்தான் நம்பிக்கை.

அடுத்துத் துணியைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் போர்வைகளில் பூவும் பறவையுமாக வெட்டி ஒட்டிய துண்டுகளில் பல, நம் சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் ஏற்றி அனுப்பிய பருத்தித் துணிகள். உள்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்து, அச்சிட்ட பருத்தியை உடுத்தவே தடை விதிக்கும் சட்டத்தை 1721இல் இங்கிலாந்தில் கொண்டுவரும் அளவுக்கு அவற்றுக்கு அங்கே மவுசு இருந்தது. கறுப்புக் கோடுகள் மட்டும் இற்றுப்போயிருந்தால், பூச்சி அரித்ததாக நினைத்துவிட வேண்டாம். கறுப்புக்காகச் சேர்த்த இரும்புதான் காலப்போக்கில் இழையைத் தின்றிருக்கும்.

அறை இருட்டாக இருக்கிறதே என்று அங்கே பலர் முணுமுணுத்தார்கள். பழந்துணிக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சத்துக்கு மேல் காட்டுவதில்லை என்பது அருங்காட்சியக வழக்கம். பட்டுப்புடவையை வெயிலில் போடாமல் மடிப்பு மாற்றி மாற்றி வைக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே போனதும் கண் பழகும்வரை சற்று நின்றுவிட்டுப் பாருங்கள்.

பெயர்கள் வேண்டுமென்றால், இன்று விமான நிலையத்தால் நமக்குத் தெரிந்த சாங்கியின் போர்வைகள் இருக்கின்றன. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபின் சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்கள் தைத்தவை அவை. மருத்துவமனைக்கு என்று சொல்லி அனுமதி வாங்கி, ஆளுக்கொரு சதுரத்தில் தன் பெயரைத் தைத்ததால், வேறு முகாமில் இருந்த கணவன்மார் தம் மனைவியர் உயிரோடிருப்பதை அறிய வழி கிடைத்தது. அப்படித் தைத்த மூன்று போர்வைகளில் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டு ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் போர் நினைவகத்திலும் உள்ளன.

ராஜா போர்வையும் அதே கான்பெராவில், தேசியக் கலைக்கூடத்தில்தான் இருக்கிறது. நலிந்த துணி என்பதால் எப்போதும் வெளியே வைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருந்து போவதாக இருந்தால், எப்போது காட்டுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.