உப்புமா இலவசம், வரிக்குறைப்பு ஊக்கம்

கேள்வி: நான் எந்த சேனலைப் பார்த்தாலும் என் கருத்து என்னுடையதுதான். மக்கள் எதைச் சாப்பிடுவது, யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்று எழுதுகிறீர்களே, எங்களை முட்டாள்கள் என்று நினைக்கிறீர்களா?
– வாசகர், தென்காசி

பதில்: முட்டாள் என்று யார் சொன்னது? கருத்து உங்களுடையதுதான். அந்தக் கருத்தில் வரும் வார்த்தைகள் யாருடையவை என்பதுதான் என் சந்தேகம்.

பிள்ளைக்குப் பாலில் கலந்து கொடுக்கிறீர்களே ஒரு பவுடர், அதற்கு வீட்டில் என்ன பெயர்? 'ஹெல்த் டிரிங்க்'. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களிடம் சொன்ன பிறகுதான் பலருக்கும் இது தெரிந்தது. அதற்குள் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைச் சுவரில் நிறுத்திக் கோடு போட்டு உயரம் பார்த்தாகிவிட்டது.

சரி, ஓட்டுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது பள்ளிக் காலை உணவுத் திட்டம். தட்டில் இருப்பது உப்புமா, கிச்சடி, பொங்கல். டிவி விவாதத்தில் அதன் பெயர் 'இலவசம்'. 2019 செப்டம்பரில், மற்ற விலக்குகளைக் கோராத கம்பெனிகளுக்கு வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. இது உள்ளிட்ட சலுகைகளால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். அதன் பெயர் 'ஊக்கம்'. இரண்டில் எது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றைக் கேட்டதும் முகம் சுளிக்கிறீர்கள், மற்றதைக் கேட்டால் தலையாட்டுகிறீர்கள். கணக்கைப் பார்த்துவிட்டா?

2023 ஆகஸ்டில் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்த அதே வாரத்தில், பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிடுவதால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்று ஒரு நாளிதழ் தலைப்புப் போட்டது. ஊரே காறித் துப்பியது. அப்பட்டமாக இருந்ததால் பிடிபட்டுவிட்டது. 'இலவசம்' இன்னும் பிடிபடவில்லை. நீங்களும் நானும் டீக்கடையில் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அப்புறம், இந்த இதழின் பழைய பிரதிகளைத் தேடி எடுத்து எனக்கு அனுப்ப வேண்டாம். பின் அட்டையில் வருடக்கணக்காக அந்த மால்ட் பவுடர் விளம்பரம் போட்டவர்கள்தான் நாங்களும். காசும் நல்ல காசு.