செவ்வாயில் நிலக்கரிச் சுரங்கம் இல்லையே, அப்புறம் எப்படி? – கேள்வி பதில்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூனில், அமெரிக்க மின் நிலையங்கள் வெளியிடும் கரியமில வாயுவை 2005 அளவிலிருந்து 30 சதவீதம் குறைக்க ஒபாமா அரசு வரைவு விதி ஒன்றை வெளியிட்டது. அடுத்த மாதம் கென்டக்கி மாநிலச் சட்டமன்றக் குழு இதைப் பற்றிப் பேசியபோது, நிலக்கரி வட்டாரமான ஹசார்டைச் சேர்ந்த குடியரசுக் கட்சி செனட்டர் பிராண்டன் ஸ்மித் ஒரு வாதம் வைத்தார். செவ்வாயின் வெப்பநிலையும் பூமியின் வெப்பநிலையும் ஒன்றுதான், கல்வியாளர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள், ஆனால் அங்கே நிலக்கரிச் சுரங்கமோ தொழிற்சாலையோ இல்லையே என்றார். இத்தனை வருடம் கழித்தும் இந்த வாதம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கேளுங்கள்.

கேள்வி: சார், அவர் சொன்ன வெப்பநிலை சரியா?

இல்லை. பூமியின் சராசரி சுமார் 15 டிகிரி செல்சியஸ். செவ்வாயில் உறைநிலைக்குக் கீழே 60 டிகிரியை ஒட்டி வரும். 75 டிகிரி வித்தியாசத்தை "ஒன்றுதான்" என்று சொல்ல முடியாது.

செவ்வாயின் நடுக்கோட்டுப் பகுதியில் கோடை நண்பகலில் தரை 20 டிகிரியைத் தொடுவது உண்மை. ஆனால் அங்கே நீங்கள் நின்றால் பாதத்தில் நம்மூர்க் காலை நேரம் போல இருக்கும், தலை உயரத்தில் தண்ணீர் உறையும் குளிர் இருக்கும். இரவானால் அதே இடம் மைனஸ் 70-க்குக் கீழே போய்விடும். சூட்டைப் பிடித்து வைக்கிற அளவுக்கு அங்கே காற்று இல்லை.

இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்: இரண்டு கோள்களை ஒரே ஒரு எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். வெயில் எவ்வளவு விழுகிறது, அதில் எவ்வளவு திரும்பிப் போகிறது, மேலே காற்று எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. இருந்தும் குளிர்கிறது. அப்படியானால் அந்த வாயு சூடேற்றாது என்றுதானே அர்த்தம்?

சதவீதம் வேறு, அளவு வேறு. பூமியில் கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். செவ்வாயில் சராசரி ஆறு மில்லிபார்தான். அவ்வளவு மெல்லிய காற்றில் 95 சதவீதம் என்றாலும் வாயு குறைவுதான். போதாததற்கு, அங்கே விழும் வெயிலும் நமக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை, சுமார் 43 சதவீதம்.

கேள்வி: பூமி ஒவ்வொரு வருடமும் சூரியனை நெருங்குவதால்தான் வெப்பம் கூடுகிறதாமே?

இல்லை. 2017-இல் பென்சில்வேனியாவில் ஸ்காட் வாக்னர் என்ற மாநிலச் செனட்டரும் இதைச் சொன்னார். நாம் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நம் மார்கழிக் குளிரில்.

கேள்வி: செவ்வாயும் சூடாகிறது என்று நாசா சொல்லியிருக்கிறதே? அப்போது காரணம் சூரியன்தானே?

இது ஸ்மித்தின் வாதத்தைவிடக் கனமானது, கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற விண்கலம் 1999-இலிருந்து எடுத்த படங்களில், தென்துருவத்தின் உறைந்த கரியமில வாயுப் பரப்பில் உள்ள குழிகள் வருடத்துக்கு வருடம் அகலமாவது தெரிந்தது. அதை வைத்து ரஷ்ய வானியலாளர் அப்துசமாதோவ், இரண்டு கோள்களையும் சூரியன்தான் சூடேற்றுகிறது என்றார். 2007-இல் இது பெரிய செய்தியானது.

ஆனால் அந்தப் படங்கள் சில செவ்வாய் வருடங்களை மட்டும் காட்டுகின்றன (அங்கே ஒரு வருடம் 687 நாள்). ஒரு துருவத்தில் நடப்பது கோள் முழுவதற்கும் சாட்சி ஆகாது. செவ்வாயில் தட்பவெப்பத்தை ஆட்டிவைப்பது தூசி: ஒரு பெரிய புயல் அடித்தால் தரையின் நிறமே மாறும், தரை உறிஞ்சும் வெயிலும் மாறும். சூரியனை நேரடியாகவே அளக்கிறோம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில், 11 வருடச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். பூமி சூடான இந்தக் காலத்தில் சூரியன் பிரகாசம் கூடவில்லை. அதைவிட முக்கியம், காரணம் சூரியன் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரும் சூடாக வேண்டும். அது குளிர்ந்துகொண்டு வருகிறது. கரியமில வாயு கூடினால் அப்படித்தான் நடக்கும்.

கேள்வி: புளூட்டோவும் சூடாகிறதே?

புளூட்டோ சூரியனை ஒருமுறை சுற்ற 248 வருடம். 1930-இல்தான் கண்டுபிடித்தோம். அங்கே ஒரு முழு வருடத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

கேள்வி: கணக்குப் போட்டுப் பார்த்தேன் சார். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே நிற்கும் கரியமில வாயு செவ்வாயில்தான் அதிகம். "வாயு குறைவு" என்று நீங்கள் சொன்னது தவறு.

உங்கள் கணக்கு சரி. பூமியில் ஒரு சதுர மீட்டருக்கு மேலே சுமார் ஆறரைக் கிலோ, செவ்வாயில் 150 கிலோவுக்கு மேல் வரும். மேலே நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்: அங்கே குறைவாக இருப்பது மொத்தக் காற்றும் அழுத்தமும், கரியமில வாயு அல்ல. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

கரியமில வாயு எல்லா வெப்பக் கதிரையும் பிடிப்பதில்லை. 15 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி, நெருக்கமாக நிற்கும் மெல்லிய கோடுகளில்தான் (ஒரு கோடு என்றால் அது பிடிக்கும் ஒரு குறுகிய அலைநீளம்) முக்கியமாகப் பிடிக்கும். செவ்வாயில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவது அபூர்வம், அதனால் கோடுகள் ஊசி போல ஒல்லியாக இருக்கின்றன. இளைத்த கோரையை இடைவெளி விட்டுப் பின்னிய பாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கோரையின் மேல் இன்னும் பத்துக் கோரையை அடுக்கினாலும் இடைவெளி இடைவெளியாகத்தான் இருக்கும். வெப்பம் அந்த வழியே வெளியேறிவிடும். பூமியில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஓயாமல் வந்து மோதுவதால் ஒவ்வொரு கோரையும் தடித்துப் பக்கத்துக் கோரையைத் தொடுகிறது, பாய் அடைபடுகிறது.

இன்னொன்று நீராவி. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதுவும் வெப்பத்தைப் பிடிக்கும். செவ்வாயில் நீராவி இல்லாத குறைதான். அதனால் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இந்த வாயுப் போர்வை அங்கே தரும் சூடு ஐந்து டிகிரியை ஒட்டித்தான். பூமியில் 33 டிகிரி.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் குற்றவாளி நைட்ரஜன்தானே? கரியமில வாயுவை ஏன் பழிக்கிறீர்கள்?

நைட்ரஜனும் ஆக்சிஜனும் தாமாக வெப்பக் கதிரைப் பிடிப்பதில்லை என்றே சொல்லலாம். கோடு இருந்தால்தான் தடிக்க வைக்க முடியும். நைட்ரஜன் அளவு மாறவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயுதான் இன்று 420-ஐத் தாண்டியிருக்கிறது.

கேள்வி (வேறொருவர்): அவரோடு ஏன் வாதாடுகிறீர்கள்? வெள்ளியைக் காட்டுங்கள். நாமும் அப்படித்தான் ஆகப்போகிறோம்!

இல்லை, இதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெள்ளியில் காற்றழுத்தம் நம்மைப்போல் 90 மடங்கு, பெரும்பாலும் கரியமில வாயு, தரையில் 460 டிகிரிக்கு மேல். இருக்கிற நிலக்கரியை எல்லாம் எரித்தாலும் பூமி அந்த நிலைக்குப் போகாது. செனட்டர் செவ்வாயை வைத்துச் செய்த தவறையே நீங்கள் வெள்ளியை வைத்துச் செய்கிறீர்கள்.

வெள்ளி கற்றுத்தருவது வேறு. அதன் மேகங்கள் முக்கால் பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சூரியனுக்கு அருகில் இருந்தும் பூமியைவிடக் குறைந்த வெயிலைத்தான் அது உறிஞ்சுகிறது. இருந்தும் சூரியனுக்கு இன்னும் நெருங்கிய புதனைவிட வெள்ளி சூடு. வெள்ளியையும் செவ்வாயையும் ஆராய்ந்துவிட்டுப் பூமிக்கு வந்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன வீரபத்ரன் ராமநாதன் அமெரிக்காவில் கோள்களின் வளிமண்டலத்தில்தான் தொடங்கினார். குளிர்சாதனப் பெட்டியில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் எவ்வளவு வெப்பத்தைப் பிடிக்கும் என்று 1975-இல் காட்டியது அவர்தான்.

நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் "விலைபோனவர்" என்று எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். நிறுத்துங்கள். கணக்குப் போட்டு வந்தவர் மரியாதைக்கு உரியவர்.

கேள்வி: செவ்வாயும் சூடாகிறதாமே?

மேலே படியுங்கள்.

கேள்வி: செவ்வாய் சூடாவதை நாசாவே ஒப்புக்கொண்டதாமே சார்?

மேலே சொல்லியாகிவிட்டது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சனிப்பெயர்ச்சிக்கும் இந்த வெயிலுக்கும் தொடர்பு உண்டா?

ஜோதிடம் என் துறை இல்லை.

கேள்வி: செனட்டர் ஸ்மித்தின் ஊர்க்காரர்களின் பிழைப்பு சுரங்கத்தில்தானே? அவர் வேறு என்ன பேசுவார்?

இந்தக் கேள்வி என்னை நிஜமாகவே தொடுகிறது. கிழக்குக் கென்டக்கியில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தை நம்பிய குடும்பங்கள் உண்டு. இயந்திரங்கள் வந்தன, மலிவாக இயற்கை எரிவாயு கிடைத்தது, வேலை சுருங்கிக்கொண்டே போனது. இவர்களுக்கு மாற்று வேலை என்ன, ஓய்வூதியம் என்ன, தூசி படிந்த நுரையீரலுக்கு வைத்தியம் என்ன என்று அந்தக் குழுவில் அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன்.

கேள்வி: இந்தப் போர்வையை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். தை மாதத்தில் காற்றில்லாத, மேகமில்லாத ஓர் இரவு மொட்டைமாடியில் ஒரு கண்ணாடித் தட்டை வையுங்கள். விடியும்போது விரலால் எழுதும் அளவுக்குப் பனித்துளி படிந்திருக்கும். தட்டின் சூடு நேராக வானத்துக்குப் போய்விட்டது. மேகம் மூடிய இரவில் அதே தட்டு பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும், ஏனென்றால் மேகம் சூட்டைத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும் வைத்து, இரண்டு இரவும் விடியற்காலை ஐந்து மணி அளவைக் குறித்து அனுப்புங்கள்.