ரொக் கிரோலருக்கு மாற்றுப் பற்றரி: 2எஸ்ஸா, 3எஸ்ஸா, எத்தனை எம்ஏஎச்?

கேட்கப்பட்டது இதுதான்: 1/10 அளவு ரொக் கிரோலர், அதாவது பாறையில் ஊர்ந்து ஏறும் ரிமோட் வண்டி. வண்டியோடு வந்த 7.2 வோல்ட், 1800 எம்ஏஎச் (கொள்ளளவு) நிக்கல் பற்றரி இப்போது பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. ஓட்டுவது கல்லடிக் கடற்கரையிலும், விடுமுறை நாட்களில் குடும்பிமலைப் பக்கத்துப் பாறைகளிலும். ஒருவர் 2எஸ் (இரண்டு செல்) 5200 எம்ஏஎச் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் 3எஸ்ஸுக்கு (மூன்று செல்) மாறச் சொல்கிறார். எதைக் கேட்பது?

5200ஐ விட்டுவிடுங்கள். உங்கள் வண்டிக்குப் பொருத்தம் 2எஸ் லைப்போ (லித்தியம் பொலிமர் பற்றரி), 2200 முதல் 3000 எம்ஏஎச் வரை. மோட்டரும் ஈஎஸ்சியும் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இடம் கொடுத்தால் 3எஸ் 1300 முதல் 2200 வரை போடலாம். காரணம் பாரம். கட்டிப் பெட்டியில் வரும் 2எஸ் 5200 ஒன்று 250 கிராமுக்கு மேல் போகும். 2எஸ் 2200 அதில் ஏறக்குறையப் பாதி. பந்தயக் காருக்கு இது பெரிய விஷயமில்லை. கிரோலர் செங்குத்தான பாறையில் மூக்கைத் தூக்கி ஏறும் வண்டி. அதன் பாரம் எவ்வளவு கீழே, எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஏறும். மொத்தப் பாரத்தில் 60 வீதமளவு முன் சில்லுகளில் விழ வேண்டும் என்பது கிரோலர்காரர்கள் பின்பற்றும் கணக்கு. பின்பக்கத் தட்டில் பெரிய பற்றரியை வைத்தால், முன்பு ஏறிய அதே கல்லில் வண்டி பின்னுக்குப் புரளும். அப்போது பலரும் டயரைக் குறை சொல்லி டயர் மாற்றுகிறார்கள், பிழை பற்றரியில் இருக்கிறது. தட்டு பின்னால் இருந்தால், சிறிய பற்றரியை மோட்டருக்கு முன்னால் அல்லது பக்கத்துச் சட்டத்தில் வெல்குரோ பட்டியால் கட்ட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் பழைய பற்றரியையும் ஒருமுறை சோதியுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கழற்றியதும் மல்டிமீற்றரில் 8.2 முதல் 8.5 வோல்ட் வரை காட்டினால் ஆறு செல்லும் உயிரோடு இருக்கின்றன. கொள்ளளவுதான் குறைந்திருக்கிறது. 7 வோல்ட்டுக்குக் கிட்டத்தான் காட்டுகிறது என்றால் ஒரு செல் செத்துவிட்டது. மலிவான சுவர் சார்ஜர் தானாக நிற்காது. இரவு முழுக்கச் செருகிவைத்தால் செல் வெந்து போவது அதனால்தான். சின்னப் பிள்ளைகள் ஓட்டும் வண்டி என்றால் நிக்கலிலேயே தொடர்வது நல்லது. ஆறு செல், 3000 எம்ஏஎச் பொதி ஒன்று கொஞ்சம் பாரமாக இருக்கும், ஆனால் தவறுகளைப் பொறுக்கும்.

லைப்போவுக்கு மாறுவதாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஈஎஸ்சியின் ஸ்டிக்கர். அதில் 2எஸ் மட்டும் என்றிருந்தால் 3எஸ் பேச்சே வேண்டாம். முழுதாக ஏறிய 3எஸ் 12.6 வோல்ட், உள்ளேயுள்ள பாகங்கள் எரிந்துவிடும். ஹொபிவிங் குவிக்ரன் 1060, 1080 இரண்டும் 2எஸ், 3எஸ் ஏற்கும். டிராக்சாஸ் எக்ஸ்எல்-5 என்றால் எச்வி என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், எச்வி வகைதான் 3எஸ் தாங்கும். அடுத்தது மோட்டர். சுற்று என்பது மோட்டருக்குள் கம்பி சுற்றிய எண்ணிக்கை. 35 சுற்று, 55 சுற்று மோட்டர்களுக்கு 3எஸ் நன்றாகப் பொருந்தும். 27 சுற்றுக்குக் கீழே உள்ள சாதாரண 540 அளவு மோட்டர் 3எஸ்ஸில் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றி, கல் இடுக்கில் மாட்டிக்கொண்ட சில நிமிடத்திலேயே தொட முடியாமல் சுடும். மெதுவாக ஊர்ந்து ஏறும் கட்டுப்பாடும் கொஞ்சம் போய்விடும்.

இனி, லைப்போவுக்கு மாறுகிறவர்கள் அதிகம் பிழைவிடும் இடம்: குறைந்த வோல்ட்டில் நிறுத்தும் வசதி. லைப்போ செல் ஒன்று 3.0 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிரந்தரமாகக் கெடும், ஊதும். நிக்கல் பற்றரிக்கு ஈஎஸ்சி இந்தக் கவனம் எடுப்பதில்லை. குவிக்ரன் 1060இல் ஒரு சிறிய பிளாஸ்டிக் ஜம்பர் இருக்கும், அதை லித்தியம் பக்கம் மாற்ற வேண்டும். டிராக்சாஸில் பட்டனை அழுத்தி மாற்றலாம். விளக்கு பச்சையாக இருந்தால் லைப்போக் காவல் வேலை செய்கிறது, சிவப்பென்றால் இல்லை. பற்றரியை மாற்றிவிட்டு இதை மறந்தால் புதுப் பற்றரி முதல் நாளே ஊதிவிடலாம். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: லைப்போக் காவலை வைத்துக்கொண்டு நிக்கல் பற்றரி போட்டால் சார்ஜ் இருக்கும்போதே வண்டி இழுக்காமல் நின்றுவிடும்.

3எஸ் போடுபவர்களுக்கு இன்னும் ஒன்று. சில ஈஎஸ்சிகள் சுவிச் போடும் நேரத்து வோல்ட்டை வைத்துத்தான் 2எஸ்ஸா 3எஸ்ஸா என்று தீர்மானிக்கின்றன, எல்லை 9 வோல்ட். ஓடித் தேய்ந்த 3எஸ் பற்றரியைக் கழற்றி மறுபடி செருகும்போது அது 9க்குக் கீழே இருந்தால், ஈஎஸ்சி அதை நன்றாக ஏறிய 2எஸ் என்று எண்ணி 6 வோல்ட்டளவு வரை இழுக்கும். பற்றரி அத்தோடு சரி. ஆகவே தேய்ந்த 3எஸ்ஸை மறுபடி செருகாதீர்கள். பலன்ஸ் வயரில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் தனியே வரும் மெல்லிய வயர்கள்) செருகும் சிறிய அலாரம் ஒன்றை செல்லுக்கு 3.5 வோல்ட்டில் வைத்துப் பாடிக்குள் ஒட்டிவிடுங்கள். செருகும்போது கறுப்பு வயர் அலாரத்தின் மைனஸ் முள்ளில் விழ வேண்டும்.

எத்தனை எம்ஏஎச் தேவை என்பதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். இருக்கும் பற்றரியை முழுக்க ஏற்றி, வழமையாக ஓட்டுகிற இடத்தில் சரியாக 20 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஐமெக்ஸ் பி6 போன்ற திரையுள்ள சார்ஜரில் போட்டால் எவ்வளவு எம்ஏஎச் திரும்ப ஏறியது என்று காட்டும். (பழைய பற்றரி 20 நிமிடம் போகாவிட்டால் ஓடின நிமிடத்துக்குக் கணக்குப் பாருங்கள்.) 900 ஏறினால், மணிக்கு 2700, அதாவது சராசரி 2.7 அம்பியர். லைப்போவில் 80 வீதத்தை மட்டும் பாவிப்பது என்ற கணக்கில் 2200 எம்ஏஎச் பற்றரி 1760 கொடுக்கும்: ஏறக்குறைய 39 நிமிடம். பாறையில் இது போதும். கடற்கரைக் கணக்கு வேறு. பாறையில் வண்டி தொட்டுத்தொட்டு ஏறி, நின்று, யோசித்து ஏறுகிறது. கல்லடி மணலில் நான்கு சில்லும் விடாமல் தோண்டிக்கொண்டே இருக்கும், கரன்ட் இறங்காது. ஆகவே இரண்டு இடத்திலும் தனித்தனியாக அளந்துபாருங்கள். மணலுக்காக ஒரு பெரிய பற்றரி வாங்குவதைவிட 2200இல் இரண்டு வாங்கி மாற்றிப் போடுவதுதான் என் பரிந்துரை. இடையில் மோட்டரும் ஆறும்.

பற்றரி ஸ்டிக்கரில் வரும் சி என்ற எண்ணைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. அம்பியர்-மணியை சியால் பெருக்கினால் பற்றரி தரக்கூடிய கரன்ட் வரும்: 2.2 பெருக்கல் 30, 66 அம்பியர். ஸ்டிக்கர் எண்கள் பெரும்பாலும் ஊதிப்போட்டவை, பாதி என்று எடுத்தாலும் கிரோலருக்குத் தாராளம். 100சி என்று எழுதியதற்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

எம்ஏஎச்சில் நடக்கும் பொய்தான் கவனிக்க வேண்டியது. 18650 என்ற உருளை லித்தியம் செல்லில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது நடக்காத காரியம். நல்ல கம்பனிச் செல்லே பெரும்பாலும் 3500 அளவில்தான் நிற்கிறது. தங்கக்கடைத் தராசு வேண்டாம், சமையலறை டிஜிட்டல் தராசு போதும்: உண்மையான 18650 ஒன்று 45 கிராமளவு இருக்கும். 30 கிராமென்றால் உள்ளே சிறிய செல்தான். லைப்போவுக்கும் அப்படியே, ஒரே எண் எழுதிய இரண்டில் மிக இலேசாக இருப்பதை நம்பாதீர்கள். மல்டிமீற்றரைக் கையோடு கொண்டுபோய் பலன்ஸ் வயரில் ஒவ்வொரு செல்லையும் அளந்துபாருங்கள். புதுப் பற்றரி செல்லுக்கு 3.8 வோல்ட்டளவில் வரும். செல்களுக்கிடையே வித்தியாசம் 0.05க்கு மேல் இருந்தாலோ, ஏதாவது 3.3க்குக் கீழே இருந்தாலோ, பொதி சற்றேனும் உப்பியிருந்தாலோ எடுக்க வேண்டாம். இணையத்தில் வாங்கினால் பார்சலைத் திறந்த அன்றே இதைச் செய்யுங்கள், பிந்தினால் திருப்பிக் கொடுக்கும் நாட்கள் கடந்துவிடும்.

தட்டின் நீளம், அகலம், உயரத்தை மில்லிமீற்றரில் எழுதிக்கொண்டு போங்கள். நீளமான பெட்டி லைப்போ 138 பெருக்கல் 47 பெருக்கல் 25, குட்டைப் பெட்டி 96 பெருக்கல் 47 பெருக்கல் 25. வயர் வெளியே வரும் பக்கத்தில் இன்னும் 10 மில்லிமீற்றர் விடுங்கள். வயரை மடித்து அமுக்கினால் அடியில் உறை கிழியும்.

பழைய பிளக் டமியா வெள்ளைப் பிளக்காக இருந்தால் மாற்றிவிடுங்கள். அது அதிக கரன்டில் சூடாகி உருகும். எக்ஸ்டி60 நல்லது. பற்றரிப் பக்கம் துளையுள்ள பெண் பிளக் வர வேண்டும், அப்போதுதான் கழற்றி வைத்த பற்றரியில் உலோகம் வெளியே தெரியாது. பற்றரியின் இரண்டு வயரையும் ஒரே வெட்டில் வெட்டவே கூடாது, கத்தரியிலேயே ஷோர்ட் ஆகும். முதலில் ஒன்றை வெட்டி, சுருங்கு குழாயைக் கோர்த்து, ஈயம் வைத்து, மூடி, பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். போன் திருத்தும் கடையின் மெல்லிய அயன் இதற்குப் பத்தாது. சூடு ஏறாமல் ஈயம் மேலே ஒட்டி நிற்கும், பாறையில் ஒரு குலுக்கலில் கழன்றுவிடும். 60 வாட் அயன் வைத்திருக்கும் ரீவி, றேடியோ திருத்துபவரிடம் கொடுங்கள். ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24 போன்ற சின்ன வண்டிகளுக்கு 2எஸ் 350 எம்ஏஎச் போதும். ஆனால் அந்தச் சிறிய வெள்ளைப் பிளக்குகளில் சிவப்பும் கறுப்பும் கம்பனிக்குக் கம்பனி இடம் மாறும். செருக முன் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறிச் செருகினால் ஈஎஸ்சி அந்தக் கணமே போய்விடும்.

புதுப் பற்றரி போட்ட பிறகும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது வண்டி ஒரு நொடி செத்து எழும்பினால், பற்றரியைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். ஈஎஸ்சிக்குள் இருக்கும் 5 அல்லது 6 வோல்ட் வழங்கி 2, 3 அம்பியர்தான் தரும். 20 கிலோ விசையுள்ள சேர்வோ (முன் சில்லுகளைத் திருப்பும் மோட்டர்) கல்லில் மாட்டினால் அதற்கு மேல் இழுக்கும், ரிசீவர் அணைந்து எரியும். தனியாக ஒரு பெக் (பற்றரி வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் வழங்கி), 6 வோல்ட் 5 அம்பியருக்குக் குறையாமல், பற்றரியிலிருந்து நேராகக் கொடுத்து ரிசீவரில் செருகுங்கள். ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் பிளக்கின் நடு சிவப்பு வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வழங்கியும் ஒன்றோடொன்று மோதும்.

சார்ஜ் 1சிக்கு மேல் வேண்டாம்: 2200க்கு 2.2 அம்பியர். எப்போதும் பலன்ஸ் முறையில், பலன்ஸ் வயரையும் செருகி. நிக்கல் சார்ஜரில் லைப்போவைப் போடுவது தீ வைப்பதற்குச் சமம். கட்டிலில், மேசைவிரிப்பில் வேண்டாம். சீமெந்துத் தரையில் ஒரு மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணலோடு, ஆள் வீட்டில் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். கரன்ட் இல்லாத நேரம் பி6க்குக் கார் பற்றரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தும் ஏற்றலாம்.

நம் பக்க வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, முழுச் சார்ஜோடு கிடக்கும் லைப்போ சில கிழமைகளிலேயே ஊதத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். பி6இன் ஸ்டோரேஜ் முறை செய்யும், ஆனால் 5 வாட்டில் மெதுவாக இறக்குவதால் 3எஸ் 2200க்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். வண்டியை முற்றத்தில் 20 நிமிடம் ஓட்டுவது சுருக்கமான வழி. கடற்கரையிலோ வாவிக் கரையிலோ நனைந்தால் பற்றரியை உடனே கழற்றுங்கள். வண்டிப் பக்கப் பிளக்கை நல்ல தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். உப்பு விட்டால் பிளக்குக்குள் பச்சை பிடித்துத் தடை கூடும், சூடாகும். பற்றரியின் உறைக்குள்ளேயே உப்புத் தண்ணீர் போயிருந்தால் அதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். முச்சக்கரவண்டி இண்டிகேட்டரின் 12 வோல்ட் பல்ப் ஒன்றை வெளியில் இணைத்து, பல்ப் அணையும் வரை இறக்கி, ஒரு நாள் விட்டு, முனைகளை டேப்பால் மூடி மின்னணுக் கழிவாகக் கொடுங்கள்.