இரக்கம் கோட்டில் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

போடிநாயக்கனூரில் படம் வரைகிற நாங்கள் நாலு பேர் சேர்ந்து எங்கள் பகுதியைக் கோட்டோவியங்களாக வரைந்து ஒரு புத்தகம் போடலாம் என்றிருக்கிறோம். மலை, ஏலத்தோட்டம், சந்தை, ரயில், இங்கே வாழ்கிற சாதாரண ஜனங்கள் எல்லாம் அதில் வரும். டயாலிசிஸுக்காக அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்களின் பயணச் செலவுக்கு விற்பனைப் பணத்தைக் கொடுப்பதாகத் திட்டம். பாதிப் படங்கள் முடிந்துவிட்டன. இப்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். நண்பர் ஒருவர், “நன்கொடைப் புத்தகம் என்றால் பார்த்ததும் மனசு இளக வேண்டும். சுருக்கம் விழுந்த முகம், வெறுங்கால் குழந்தை என்று வரைந்தால்தான் விற்கும்” என்கிறார். இன்னொருவர், “தர்ம காரியத்துக்காக வரைவது கலையே இல்லை, இரண்டையும் கலக்காதீர்கள்” என்கிறார். உங்கள் கருத்து என்ன?

ச., போடிநாயக்கனூர்

*

அன்புள்ள ச.,

இரண்டு பேர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. முதல் நண்பர் சொல்வதுதான் ஆபத்தானது என்பதால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரரிடமிருந்தே தொடங்கலாம். மனோகர் தேவதாஸ் 1936இல் மதுரையில் பிறந்தவர். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னையில் ஒரு பேட்டரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற கண்நோய் அவருக்கு இருந்தது. பார்வை ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டே வந்து, நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் மிஞ்சும். பிறகு அதுவும் போகும். 1972இல் நடந்த ஒரு கார் விபத்தில் அவர் மனைவி மஹிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. இந்தத் தம்பதி சேர்ந்து என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் வரைந்த கோட்டோவியங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டார்கள். படம் அவருடையது, கூட வரும் குறிப்பு மஹிமாவுடையது, விற்ற பணம் அறக்காரியங்களுக்கு. 2008இல் மஹிமா இறந்த பிறகும் அவர் வரைவதை விடவில்லை. ‘மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’ நூலைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் காலமானார்.

மனசு இளக வைக்க வேண்டுமென்று அவர் நினைத்திருந்தால் அவர் வீட்டுக்குள்ளேயே அதற்கான விஷயம் கொட்டிக் கிடந்தது. அதை அவர் மதுரைப் படங்களுக்குள் கொண்டுவரவில்லை. கோபுரத்தை வரைந்தால் அதன் சுதை உருவங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஆனைமலையின் பாறை முதுகு, தெப்பக்குளத்துத் தண்ணீர், தெருவில் போகிறவர்கள் என்று எதை எடுத்தாலும் அந்தப் பொறுமை இருக்கும். பார்வை போய்க்கொண்டிருந்த காலத்திலும் கனமான கண்ணாடியை வைத்துக்கொண்டு அவர் நுணுக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. படத்தில் இருக்கும் மனிதர்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, தங்கள் ஊரில் தங்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். கொடுப்பது எல்லாம் அச்சடித்த பிறகு, பணத்தில் நடந்தது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: தர்மம் பணத்தில் இருக்கட்டும், கோட்டுக்குள் வர வேண்டாம்.

இரண்டாவது நண்பருக்கு இங்கிலாந்திலிருந்து ஒருவரைக் காட்டலாம். ஆல்ஃபிரட் வெயின்ரைட், கெண்டல் என்ற சிறிய ஊரின் நகராட்சியில் பொருளாளர். லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் 214 சிகரங்களை 1952இலிருந்து பதிமூன்று வருஷங்கள் நடந்து நடந்து ஏழு நூல்களாக வரைந்தார். அவற்றில் எழுத்துகூட அச்சுக் கோத்தது இல்லை, எல்லாம் அவர் கையெழுத்து. ஆரம்பத்தில் நூறு பக்கம் போல முடித்த பிறகு, வரிகளின் வலது ஓரம் நேராக இல்லை என்று அத்தனையையும் ஒதுக்கிவிட்டு மறுபடி எழுதினார். முதல் நூல் 1955இல் வந்தபோது 2,000 பிரதிக்கு அச்சுக்கூலி 950 பவுன். அவரிடம் இருந்ததோ 35 பவுன். விற்றுக் கொடுத்தால் போதும் என்று அச்சகத்தார் பொறுத்துக்கொண்டார். பின்னாளில் ராயல்டியில் பெரும்பகுதியைக் கைவிடப்பட்ட விலங்குகளின் காப்பகத்துக்குக் கொடுத்தார், அந்த அமைப்புக்குத் தலைவராகவும் இருந்தார். அந்த ஏழு நூல்களும் மலைகளைப் பற்றியவை. காப்பகத்து நாய்க்காக யாரும் அவற்றை வாங்கத் தேவையில்லை, மலையேறுகிறவர் பையில் அது இருந்தே ஆக வேண்டும் என்பதால் வாங்கினார்கள். அதனால்தான் பணமும் வந்தது.

இன்னொன்று. வெயின்ரைட்டின் பக்கங்களில் மனிதர்களைவிடக் கல் சுவர்கள்தான் அதிகம். அந்த மலைச்சரிவுகளில் சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள். தன் இரண்டாம் நூலை அவர் சமர்ப்பித்ததே அந்தச் சுவர்களைக் கட்டிய மனிதர்களுக்குத்தான். பெயர் தெரியாத உழைப்பாளிகளுக்கு ஒரு ஓவியர் செய்யக்கூடிய மரியாதை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அவர்கள் கட்டியதைக் கல் கல்லாகச் சரியாக வரைவது.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். ஏலத்தோட்டப் படம் எப்படி வந்திருக்கிறது? முதுகில் கூடையோடு ஒரு பெண் நிமிர்ந்து நின்று இலைகளுக்கு நடுவே கை நீட்டுகிறாரா? அப்படியென்றால் நீங்கள் வரைந்திருப்பது தேயிலைத் தோட்டம். ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும், ஆனால் காய் மேலே இல்லை. தூரின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில்தான் இருக்கிறது. காய் எடுக்கிறவர் குனிந்தோ குத்தவைத்தோ, சருகை விலக்கி, பறிக்கும் பருவத்துக்கு வந்ததை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். மற்றது அடுத்த சுற்றுக்கு. தலைக்கு மேல் தழை, காலடியில் ஈரம், வெளிச்சமும் குறைவு. முகமே சரியாகத் தெரியாது! தெரிய வேண்டாம். அந்த முதுகின் வளைவையும் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேருகிற இடத்தையும் சரியாக வரைந்துவிட்டால், ஊரில் ஏலக்காய் மணக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் படம் புரியும். கீழே போடியில் உட்கார்ந்து சலித்துத் தரம் பிரிக்கிற பெண்கள், காயை ஏலம் விடும் மையத்தில் மாதிரிக் காயைக் கையில் வைத்து நிறம் பார்க்கிற வியாபாரி, விடிவதற்கு முன் போடிமெட்டு வளைவுகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறும் ஜீப்புகள் என்று ஒரு காய்க்குப் பின்னாலேயே பத்துப் படம் இருக்கிறது.

சுருக்கம் விழுந்த முகத்தை வரையக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த முகம் ஏதாவது ஒன்றில் கவனமாக இருக்கட்டும். தராசைப் பார்க்கட்டும், கயிற்று முடிச்சைப் பார்க்கட்டும், பேரனைத் திட்டட்டும். வாங்குகிறவனை நிமிர்ந்து பார்த்துக் கையேந்துகிற மாதிரி அதை உட்கார வைக்காதீர்கள். உங்கள் தெருவில் நாளைக்கும் எதிரே வரப் போகிறவர் அவர். புத்தகத்தை அவர் பேத்தி திறந்து பார்ப்பாள்.

ஆகவே யாரை வரைந்தீர்களோ அவரிடமே போய்ப் படத்தைக் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் பெயர், செய்கிற வேலை, இடம், மாதம், வருஷம் எல்லாம் கீழே போடுங்கள். வேண்டாம் என்றால் படத்தை எடுத்துவிடுங்கள், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சரி. வருஷம் முக்கியம். போடிக்கு வந்துகொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது, அகலப் பாதையில் வண்டி திரும்பி வந்தது 2023 ஜூனில். வருஷம் போடாத ஸ்டேஷன் படம் எந்த ஸ்டேஷனைக் காட்டுகிறது என்று இருபது வருஷம் கழித்து யாருக்குத் தெரியும்?

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வரையவே வேண்டாம். அவர்களுக்காகக் கடைசியில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்கி விஷயத்தை நேராக எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் பஸ் காசு, துணைக்கு வருகிறவர் இழக்கிற கூலி என்று கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். இதைப் படித்தால் போதும், கொடுக்க நினைக்கிறவர் கொடுப்பார்.

கணக்கு விஷயம். “முழுப் பணமும் நன்கொடைக்கு” என்று அட்டையில் போட்டுவிடாதீர்கள். நல்ல காகிதத்தில் கோட்டோவியம் அச்சிடச் செலவு அதிகம், கோடு மெலிசாக இருந்தால் மலிவுக் காகிதம் அதை விழுங்கிவிடும். அச்சுச் செலவு போக மீதி என்றே எழுதுங்கள். எத்தனை பிரதி விற்றது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை அடுத்த பதிப்பில் அச்சிடுங்கள். முடிந்தால் முன்பதிவு வாங்கி, அந்தப் பணத்தில் அச்சுக்குப் போங்கள். வெயின்ரைட்டுக்குக் கிடைத்த மாதிரி அச்சகத்தார் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

விலை முடிவானதும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். இருபது பிரதிக்கு முன்பணம் அனுப்பிவிடுகிறேன், என் இணையதளத்திலும் அறிவிப்புப் போடுகிறேன். அப்புறம், அந்த ஏலத்தோட்டப் படத்தை மட்டும் ஒரு தடவை தோட்டத்துக்கே எடுத்துப்போய், காய் எடுக்கிறவர்களிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

அன்புடன்