மருத்துவமனைகளில் நடக்கும் தவறுகளைக் குறைக்க உண்மையில் எது உதவும்?

"தவறு செய்யும் டாக்டர், நர்ஸ் மீது கடும் நடவடிக்கை எடுத்தால் போதாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். குடித்துவிட்டு டூட்டிக்கு வருபவரையும் கேஸ் ஷீட்டைத் திருத்தி எழுதுபவரையும் விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலான தவறுகள் அந்த ரகம் இல்லை.

உடலில் பொட்டாசியம் குறைந்தால் ஏற்றும் பொட்டாசியம் குளோரைடு மருந்தையே பாருங்கள். நீர்க்காமல் நேராக ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அந்த ஆம்பூலும் (சின்ன மருந்துக் குப்பி), ஊசி மருந்து கலக்கும் தண்ணீர் ஆம்பூலும் சில சமயம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே டிராயரில் போட்டு வைத்தால், நைட் டூட்டியில் எவ்வளவு கவனமான ஆளும் என்றாவது மாற்றி எடுக்கத்தான் செய்வார். அவரை வேலையைவிட்டு அனுப்பினால், அடுத்து வருபவரும் அதே டிராயரைத்தான் திறப்பார். அடர் பொட்டாசியத்தை வார்டிலிருந்தே எடுத்துவிட்டு, ஏற்கெனவே நீர்த்த பாட்டிலாக வரவழைப்பதுதான் உருப்படியான வழி.

வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தும் இப்படித்தான். ரத்தக்குழாயில் மட்டுமே போக வேண்டும். முதுகுத்தண்டில் போட்டால் அநேகமாக உயிர் போய்விடும். லேபிளில் எச்சரிக்கை இருந்தும் இது நடந்திருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், சிரிஞ்சில் எடுக்காமல் சின்ன ட்ரிப் பையில் கலந்து கொடுக்கச் சொன்னது. பையை வைத்துக்கொண்டு யாரும் முதுகில் ஊசி போட முடியாதே!

சரி, எல்லாவற்றையும் இப்படிப் பூட்டிவிட முடியுமா? முடியாது. அங்கேதான் செக்லிஸ்ட் வருகிறது. அறுவை சிகிச்சைக்கான 19 அம்சப் பட்டியலை அதே நிறுவனம் 2008-ல் வெளியிட்டது. 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட பட்டியல்கள் நடைமுறைக்கு வந்தபோது பெரிய மாற்றம் இல்லை என்று 2014-ல் முடிவு வந்தது.

எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நோயாளி தியேட்டருக்குள் வருவதற்கு முன்பே எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்யும் இடத்தில், கத்தி வைக்கும் முன் எல்லோரும் கையை நிறுத்துவார்கள். பெயர், என்ன ஆபரேஷன், வலமா இடமா, கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் போயிற்றா என்று வாய்விட்டுச் சொல்வார்கள். சர்ஜன் தலையாட்டினால் போதாது, பதில் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது.

அதைவிட முக்கியம், சின்னவர் பெரியவரை நிறுத்த முடிவது. அமெரிக்காவின் மிச்சிகனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் செருகும் குழாய்) போடுவதற்கு ஐந்தே விதி வைத்தார்கள்: கை கழுவுவது, உடல் முழுக்கப் போர்த்துவது, குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, முடிந்தவரை தொடையில் போடாமலிருப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. டாக்டர் ஒன்றை விட்டால் தடுத்து நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு. 2006-ல் வந்த முடிவுப்படி, அந்தக் குழாயால் வரும் தொற்று விகிதத்தின் இடைநிலை அளவு (மீடியன்) மூன்றே மாதத்தில் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது; அதாவது பாதி ஐசியூக்களிலாவது அந்தத் தொற்றே இல்லை. விதிகளில் புதிதாக ஒன்றுமே இல்லை; எல்லாம் டாக்டர்களுக்குத் தெரிந்தவைதான்.

அப்புறம், நூலிழையில் தப்பிய தவறுகளையும் எழுதிக் கொடுக்கும் வழக்கம் வேண்டும். எழுதினால் மெமோ வரும் என்றால் யார் எழுதுவார்கள்? ஒரு வருடமாக அப்படி ஒரு அறிக்கைகூட வராத மருத்துவமனையில் என் வீட்டு ஆளைச் சேர்க்க நான் யோசிப்பேன்.