ப்ரிங்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் தறி, மீதிப் பேர் வீட்டில் பீடி அல்லது தீப்பெட்டி வேலை. இங்கிலீஷில் இவர்களைப் பாடாய்ப்படுத்துவது பாஸ்ட் டென்ஸ்தான். மூன்று கட்டம் போட்ட வெர்ப் அட்டவணையை ‘கோ, வென்ட், கான்’ என்று தினமும் ஒப்பிக்க வைக்கிறேன். அப்படியும் ஏழாவது படிக்கிற பையன் ‘ஐ ப்ரிங்டு மை புக்’ என்று எழுதி, ஸ்கூலில் சிவப்பு மையால் சுழித்து அனுப்பிவிட்டார்கள். “வாக்குக்கு வாக்டுன்னா, ப்ரிங்குக்கு ப்ரிங்டுதானே டீச்சர்? இங்கிலீஷ்காரங்க ஏன் ஒரே மாதிரி வைக்கல?” என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்தாவது பிள்ளைகள்கூட ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதுகிறார்கள். இதற்கு என்ன வழி?

ஒரு டியூஷன் டீச்சர்,
குடியாத்தம்

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனை முதலில் பாராட்டுங்கள். ‘ப்ராட்’ என்பதுதான் சரி, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் ‘ப்ரிங்டு’ என்று அவன் யார் வாயிலும் கேட்டிருக்க மாட்டான், எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டான். விதியைத் தானே கண்டுபிடித்து, தானே போட்டுப் பார்த்திருக்கிறான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிற மூன்று நான்கு வயதுக் குழந்தைகளும் இதையேதான் செய்கின்றன. முதலில் காதில் விழுந்தபடி ‘வென்ட்’ என்று சரியாகச் சொன்ன குழந்தை, விதி பிடிபட்டதும் ‘கோ’வுக்கு ‘கோடு’ என்று சொல்ல ஆரம்பிக்கும். கொஞ்ச காலம் கழித்து மறுபடி ‘வென்ட்’டுக்கு வந்து சேரும். 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் ‘ரிக்’ போன்ற, மொழியிலேயே இல்லாத வினைகளைச் சொல்லி, நேற்று செய்ததை எப்படிச் சொல்வாய் என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார். ‘ரிக்ட்’ என்று பதில் வந்தது. மனப்பாடம் மட்டும் செய்கிற பிள்ளையால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

இனி அவன் கேட்ட கேள்வி. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில், சொல்லுக்குள் இருக்கும் உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டுகிற வினைகள் நிறைய இருந்தன. சிங், சேங் ஆவது அந்த வழக்கம்தான். கடைசியில் ‘எட்’ சேர்ப்பது அதற்குப் பக்கத்திலேயே வளர்ந்த இன்னொரு வழக்கம். எளிதாக இருந்ததால் அது பெருகியது. இன்று புதிதாக எந்த வினை பிறந்தாலும் ‘எட்’ பக்கம்தான் போகிறது. கூகுள் செய்தான் என்பதற்கு ‘கூகுள்டு’ என்றுதான் சொல்கிறார்கள். பழைய வினைகளும் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் சாய்ந்தன. ‘ஹெல்ப்’புக்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று இறந்தகாலம் இருந்தது. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் ‘ஹோல்பன்’ என்றே இருக்கிறது. இன்று ‘ஹெல்ப்ட்’.

எது சாயும், எது சாயாது? ஹார்வர்டு ஆய்வாளர்கள் பழைய ஆங்கிலத்தில் ‘எட்’ விதிக்கு அடங்காத 177 ஒழுங்கற்ற வினைகளைக் கணக்கெடுத்து, இன்று அவற்றில் 98 மட்டுமே அப்படி நிற்கின்றன என்று 2007இல் எழுதினார்கள். அரிதாகப் புழங்குகிற வினைதான் சீக்கிரம் ஒழுங்காகிறது. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக மாறுகிறது. காரணம் எளிது. ‘வென்ட்’ தினமும் காதில் விழுகிறது, அதனால் மறப்பதில்லை. எப்போதோ ஒருமுறை கேட்கிற சொல்லுக்கு ஆட்கள் தாங்களாகவே ‘எட்’ போட்டுக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்குகிற பத்து வினைகளும் ஒழுங்கற்றவையாக இருப்பது இதனால்தான். ஓயாமல் பேசிப் பேசியே அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பையனிடம் சொல்லுங்கள்.

அவனுடைய தமிழையும் அவனுக்குக் காட்டுங்கள். ஓடு, ஓடினான். படி, படித்தான். நட, நடந்தான். உண், உண்டான். தின், தின்றான். வா, வந்தான். சா, செத்தான். த், ட், ற், இன் என்று இலக்கண வகுப்பில் படிப்பதற்கு முன்பே, பால்வாடிக்குப் போகிற வயதிலேயே இதெல்லாம் அவனுக்கு வந்துவிட்டது. நம் மொழியிலும் சாய்ந்த வினைகள் உண்டு. புகு என்பதற்குப் பழைய தமிழில் ‘புக்கான்’, இப்போது ‘புகுந்தான்’. இதைவிடச் சிக்கலான ஒன்றை அட்டவணை இல்லாமலே கற்ற பிள்ளைகள் இவர்கள். இங்கிலீஷ் வராது என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லும்போது எனக்குத் தாங்குவதில்லை.

அதனால் அந்த அகரவரிசை அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். ‘அபைட்’, ‘அரைஸ்’ என்று ஆரம்பிக்கும். பிள்ளைக்கு அவற்றால் இன்று ஒரு வேலையும் இல்லை. காலையிலிருந்து என்ன செய்தாய் என்று ஒவ்வொருவரையும் சாயங்காலம் சொல்லச் சொல்லுங்கள். கோ, கம், ஈட், சீ, டேக், கிவ், பை எல்லாம் தானாக வந்து விழும். அம்மா பீடி சுற்றினார் என்றால் ‘ரோல்டு’, அது ஒழுங்கான வினை. அப்பா லுங்கி நெய்தார் என்றால் ‘வோவ்’. ‘வீவ்’ என்ற வினைக்கு இப்படி ஒரு இறந்தகாலம் இருப்பது குடியாத்தம் பிள்ளைக்கு முதல் மாதமே தெரியட்டும். ஒலி ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக நிற்கும்: கீப் கெப்ட், ஸ்லீப் ஸ்லெப்ட், ஸ்வீப் ஸ்வெப்ட். ப்ளோ ப்ளூ, க்ரோ க்ரூ, த்ரோ த்ரூ. ஆனால் சிங் சேங், ரிங் ரேங் என்று போகிறபோது ‘ப்ரிங்’ உள்ளே வந்து நிற்கும். அதை அங்கே விடாதீர்கள், பை பாட், திங்க் தாட் பக்கம் கொண்டுபோய்ச் சேருங்கள்.

ஒழுங்கான வினையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பிள்ளைகள் ‘வாக்கெட்’, ‘ஜம்பெட்’ என்று எழுத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு வினையின் கடைசி ஒலியைச் சொல்லச் சொல்லுங்கள். ‘குக்’, ‘ஜம்ப்’, ‘வாஷ்’ முடிகிற இடத்தில் அதிர்வு இருக்காது. அங்கே வல்லின ‘ட்’: குக்ட், ஜம்ப்ட், வாஷ்ட். ‘கால்’, ‘ஓபன்’, ‘ப்ளே’ முடிகிறபோது விரலுக்கு அதிர்வு தெரியும். அங்கே ‘டு’ என்று மெலிந்து ஒலிக்கும். ‘வான்ட்’, ‘நீட்’ போல டகரத்தில் முடிகிற வினைகளுக்கு மட்டும் ஓர் அசை கூடும்: வான்டிட், நீடிட். எழுத்து எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஒலி மூன்று. சின்னப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள்.

‘டிட் நாட் வென்ட்’ விஷயத்துக்குத் தமிழே கைகொடுக்கும். “அவன் வந்தான்” என்கிறோம். இல்லை என்று சொல்லும்போது “வந்தவில்லை” என்பதில்லை, “வரவில்லை” என்கிறோம். நம் ஊர்ப் பிள்ளை “நேத்து நான் வர்ல டீச்சர்” என்கிறதே, அந்த ‘வர்ல’வில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? வினை வெறும் வினையாக நிற்கிறது. ‘டிட் நாட் கம்’ என்பதிலும் அப்படித்தான். காலத்தை ‘டிட்’ வாங்கிக்கொண்டது, ‘கம்’ வெறுமனே நிற்கிறது.

கேள்வியில்தான் தமிழ் காலை வாரும். “வந்தானா?” என்று காலத்தை வினையிலேயே வைத்துக் கேட்கிற பழக்கம் ‘டிட் ஹி கேம்’ என்று எழுத வைக்கிறது. ஆங்கிலத்தில் கேள்விக்கும் ‘டிட்’தான் காலத்தைச் சுமக்கும், ‘டிட் ஹி கம்’ என்றுதான் வரவேண்டும். பத்தாவது பிள்ளைகளுக்கு இல்லை என்கிற வாக்கியத்தை முதல் வாரமும் கேள்வியை அடுத்த வாரமும் கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து அவர்கள் நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.