ஒரே தெரு, ஒரே அளவு வீடு, ஏழு மடங்கு வரி

கேள்வி: கலிஃபோர்னியாவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கே சொத்து வரி பல மடங்கு வேறுபடுகிறதாமே, இது நியாயமா?

நியாயமில்லை. ஆனால் இந்த வேறுபாட்டுக்குக் காரணமான சட்டத்தால் வீட்டைக் காப்பாற்றிக்கொண்ட ஒரு மூதாட்டியின் பக்கத்து வீட்டில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவள் நான். அதனால் அதை முழுவதுமாக வெறுக்க என்னால் முடியவில்லை.

2017-இல் ஃப்ரீமான்ட் நகரில் 11 இலட்சம் டாலருக்கு வீடு வாங்கினோம். முதல் ஆண்டு வரி ஏறத்தாழ 13,000 டாலர். அதே அளவு வீட்டில் 1974 முதல் குடியிருந்த பக்கத்து வீட்டு அம்மையார், தான் கட்டுவது 1,800-க்கும் குறைவு என்று சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. இருவர் வீட்டுக் குப்பையையும் ஒரே வண்டிதான் அள்ளுகிறது; இரு வீட்டுக்கும் ஒரே தீயணைப்பு நிலையம்தான்.

காரணம், 1978 ஜூன் மாதம் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவு. அடிப்படை வரி, மதிப்பில் 1 சதவீதம். அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. பழைய உரிமையாளர்களுக்கு 1975-ஆம் ஆண்டு மதிப்பே அடிப்படை ஆனது.

“சம்பளம் ஏறவில்லை, வீட்டு விலை மட்டும் ஏறியது. விற்காத வீட்டின் இலாபத்துக்கு எங்கிருந்து வரி கட்டுவது?” என்று பக்கத்து வீட்டு அம்மையார் சட்டம் வருவதற்கு முந்தைய காலத்தை நினைவுகூர்ந்தார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் மறுப்பு இல்லை. குடியிருக்கும் வீட்டை விட்டு ஒரு முதியவரை வரி விரட்டக் கூடாது.

என் கோபமெல்லாம் அந்த மூதாட்டிக்காக விரித்த குடையின் கீழ் வந்து நின்றவர்கள்மேல்தான். கடைத்தொகுதிகளுக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் இதே சலுகை உண்டு. நிறுவனத்தின் பங்குகள் கைமாறினாலும், பாதிக்கு மேல் எவர் கைக்கும் போகாவிட்டால் பொதுவாக மறுமதிப்பீடு கிடையாது. பெற்றோரின் பழைய வரியோடு வீட்டைப் பெற்று, இன்றைய வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த பிள்ளைகளும் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கோ இந்தச் சட்டம் ஒரு காசும் குறைத்துத் தரச் சொல்லவில்லை. சட்டம் வந்ததும் உள்ளூர் அமைப்புகளின் சொத்து வரி வருவாய் பாதிக்கும் மேல் சரிந்தது. பள்ளிகள் மாநில அரசின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1988-இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கிய ஸ்டெஃபனி நார்ட்லிங்கர், அக்கம்பக்கத்தார் சிலரைவிடச் சுமார் ஐந்து மடங்கு கட்ட நேர்ந்ததால் வழக்குப் போட்டார். 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: பழைய உரிமையாளர் அந்த வரியை நம்பி வீடு வாங்கிவிட்டார், புதியவரோ வரி தெரிந்தே வாங்குகிறார் என்பது ஒரு காரணம். தெரிந்தே வாங்கினோம் என்பது உண்மைதான். வேறு எப்படி வாங்கியிருக்க முடியும்?

2020 நவம்பரில் இரண்டு திருத்தங்கள் வாக்குக்கு வந்தன. பெரிய வணிகச் சொத்துகளைச் சந்தை மதிப்புக்குக் கொண்டுவரும் 15-ஆவது முன்மொழிவு, 52-க்கு 48 என்று தோற்றது. எனக்கு மிகவும் வருத்தம். 19-ஆவது முன்மொழிவு வென்றது: பெற்றோர் வீட்டின் பழைய வரி வேண்டுமானால் பிள்ளை அதில் குடியிருக்க வேண்டும், அதற்கும் வரம்பு உண்டு. 55 வயது நிரம்பியவர்கள் மாநிலத்துக்குள் எங்கு குடிபெயர்ந்தாலும் தம் பழைய மதிப்பீட்டைப் பெரும்பாலும் உடன் கொண்டுபோகவும் அது வழிசெய்தது.

அதனால்தான் பக்கத்து வீட்டு அம்மையார் 2022-இல் வீட்டை விற்று, சாக்ரமென்டோவில் மகள் வீட்டருகே போய்ச் சேர முடிந்தது. அவர் வீட்டை 16 இலட்சம் டாலருக்கு வாங்கிய இளம் தம்பதி, சில மாதங்கள் கழித்துக் கூடுதல் வரிச் சீட்டுடன் எங்கள் கதவைத் தட்டினார்கள். ஏதாவது தவறு நடந்திருக்குமோ என்று கேட்டார்கள். தவறில்லை என்று விளக்கினேன். நாங்கள் எவ்வளவு கட்டுகிறோம் என்றும் கேட்டார்கள். அவர்களைவிட ஆண்டுக்குச் சுமார் 5,000 டாலர் குறைவு என்று சொன்னேன்.